ஓய்வூதியம் வாங்குபவர் பகுதிநேர வேலைக்குப் போனால் ஓய்வூதியம் நின்றுவிடுமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், மாதாமாதம் பென்ஷன் வருகிறது. வாரத்தில் மூன்று நாள் கணக்கு எழுதும் வேலை ஒன்று அவரைத் தேடி வந்திருக்கிறது. அவருக்குப் போக ஆசை. ஆனால் "சம்பளம் வாங்க ஆரம்பித்தால் பென்ஷனைப் பிடித்துக்கொள்வார்களாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தயங்கி நிற்கிறார்.

பெரும்பாலான ஓய்வூதியங்கள் நிற்காது. சிலவற்றில் தொகை குறையும். சிலவற்றில் ஒரு பகுதியை இப்போது நிறுத்திவைத்துப் பிறகு ஈடுகட்டுவார்கள். ஒன்றிரண்டு வகைகளில் உண்மையிலேயே நின்றும் போகும். உங்கள் அப்பா வாங்குவது எந்த வகை என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் பெரும்பகுதி பென்ஷன் கணக்குப் பிரிவில்தான் கழிந்தது. இதே கேள்வியோடு வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பாதிப்பேர் பயப்படத் தேவையே இல்லாதவர்கள். கவனமாக இருக்க வேண்டிய சிலரோ எதையும் கேட்காமலே வேலையில் சேர்ந்துவிட்டு, பிறகு வசூல் கடிதத்தோடு வந்தார்கள். இப்போது நானும் ஓய்வு பெற்றுப் பகுதிநேர வேலைதான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "பகுதிநேரம்தானே, அதெல்லாம் கணக்கில் வராது" என்று பலர் நினைக்கிறார்கள். முதியோர் ஓய்வூதிய விதிகள் பெரும்பாலும் மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. அவை கேட்பது வேறு: இந்தப் பென்ஷன் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, உங்களுக்கு என்ன வயது, வருடத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், யாரிடம் வேலை பார்க்கிறீர்கள். வாரத்தில் ஒரே நாள் வேலை பார்த்து நிறையச் சம்பாதிப்பவருக்குப் பிடித்தம் வரலாம். ஆறு நாளும் குறைந்த கூலிக்கு உழைப்பவருக்கு வராமலும் போகலாம்.

உழைத்தோ சந்தா கட்டியோ சம்பாதித்த ஓய்வூதியமாக இருந்தால், உரிய வயதும் ஆகிவிட்டால், அநேகமாகக் கவலை இல்லை. பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் வாங்குபவர் எவ்வளவு சம்பாதித்தாலும் அது குறையாது. அங்கே இருந்த சம்பாத்திய வரம்பை 1989-லேயே எடுத்துவிட்டார்கள். அந்த வயதைத் தாண்டியவர் சம்பளத்திலிருந்து தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. கனடாவின் ஓய்வூதியத் திட்டமும் இப்படித்தான். வேலை பார்த்தால் தொகை குறையாது. 60 முதல் 65 வயதுவரை சந்தா மட்டும் கட்டாயம், அதற்கும் கூடுதல் ஓய்வூதியம் சேரும். ஜெர்மனி முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்களுக்கு வைத்திருந்த வரம்பை 2023 ஜனவரியில் நீக்கியது. இந்தியாவில் மத்திய அரசு ஓய்வூதியர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தால், அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. குரூப் ஏ என்னும் உயர்நிலை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் மட்டும், முதல் ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர்வதென்றால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டாவது வகை, முழு வயது ஆகுமுன்பே வாங்க ஆரம்பித்த ஓய்வூதியம். இதற்கு அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் நல்ல உதாரணம். அங்கே 62 வயதிலேயே வாங்க ஆரம்பிக்கலாம். 1960-லோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67. இந்த இடைப்பட்ட காலத்தில் வேலை பார்த்தால் ஆண்டு வரம்பு உண்டு. 2025-ல் அது 23,400 டாலர். அதைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை நிறுத்திவைப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் வாங்கும் 64 வயதுக்காரர் 2025-ல் வேலை செய்து 29,400 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரம்பைத் தாண்டியது 6,000. அதில் பாதி 3,000. அவர் தன் சம்பாத்தியத்தை முன்கூட்டியே தெரிவித்திருந்தால், மாதாமாதம் 250 டாலராகப் பிடிக்க மாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் பணமே வராது, ஏப்ரலிலிருந்து முழுத்தொகை வரும். இது தெரியாதவர்கள் ஜனவரியில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பென்ஷனே போய்விட்டது என்று பதறிப்போய் வேலையை விட்டுவிடுகிறார்கள். முழு வயது வந்ததும், பணம் வராத அந்த மாதங்களைக் கணக்கில் கொண்டு மாதத் தொகையை உயர்த்தி நிர்ணயிப்பார்கள். அதன் பிறகு எவ்வளவு சம்பாதித்தாலும் பிடித்தம் கிடையாது. முழு வயதைத் தொட்டவர்களுக்கு இந்த வரம்பையே நீக்கியது 2000-ல் வந்த சட்டம்.

இதில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. வரம்புக்குக் கணக்காவது சம்பளமும் சுயதொழில் வருமானமும்தான். வட்டி, வாடகை, பங்கு ஈவுத்தொகை, வேறு ஓய்வூதியம் எதுவும் பொதுவாகச் சேராது. அடுத்தது, ஆண்டின் நடுவில் ஓய்வு பெற்றவர் அதற்குமுன் வாங்கிய சம்பளமே வரம்பைத் தாண்டியிருக்கலாமே என்ற கேள்வி வரும். அதற்காகவே முதல் ஆண்டில் மாதக் கணக்காகப் பார்க்கும் விதி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பின் வரும் மாதங்களில் வரம்புக்குள் இருந்தால் அந்த மாதங்களுக்கு முழுத்தொகை கிடைக்கும்.

மூன்றாவது வகையில்தான் உண்மையிலேயே கவனம் வேண்டும். வருமானம் குறைவு என்ற காரணத்துக்காகவே கொடுக்கப்படும் உதவித்தொகை அது. இதில் சம்பாதிக்கச் சம்பாதிக்கத் தொகை குறையும், நிறுத்திவைத்துத் திருப்பித் தரும் ஏற்பாடெல்லாம் இல்லை. பிரிட்டனின் பென்ஷன் கிரெடிட் இந்த வகை. அங்கே தனி ஆளுக்கு வாரம் 5 பவுண்ட் சம்பளத்தைத்தான் பொதுவாகக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். வாரம் 5 பவுண்ட் என்பது ஒரு மணி நேர வேலைக்குக்கூடக் காணாது. வயதான ஏழைகளை வீட்டிலேயே உட்காரவைக்கும் விதி என்றுதான் இதைச் சொல்வேன். கனடாவில் குறைந்த வருமானம் உள்ள முதியவர்களுக்கான கூடுதல் உதவித்தொகைக்கு 2020 ஜூலையிலிருந்து நல்ல சலுகை கொடுத்தார்கள்: ஆண்டுக்கு முதல் 5,000 டாலர் உழைப்பு வருமானம் கணக்கிலேயே வராது, அடுத்த 10,000 டாலரில் பாதிதான் கணக்கு.

ஆஸ்திரேலியாவின் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே முதியோர் ஓய்வூதியம் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. ஆனால் உழைத்துச் சம்பாதிப்பதற்கென்று தனிச் சலுகை உண்டு. இரண்டு வாரத்துக்கு 300 டாலர்வரை சம்பளம் கணக்கில் வராது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாத வாரங்களில் அது சேமிப்புபோல 11,800 டாலர்வரை சேரும். புதிதாக ஓய்வூதியத்துக்கு வருபவருக்கு ஆரம்பத்திலேயே 4,000 டாலர் இருப்பு வைத்துக் கொடுக்கிறார்கள். அப்படி வந்த ஒருவர் உடனே இரண்டு வாரத்துக்கு 600 டாலர் சம்பாதிக்க ஆரம்பித்தால், 300 நேரடியாகக் கழியும், மீதி 300 இந்த இருப்பிலிருந்து கழியும். ஏறக்குறைய ஆறு மாதம் அவருடைய சம்பளத்தில் ஒரு டாலர்கூட வருமானக் கணக்கில் வராது. பழ சீசனிலோ பரீட்சைக் காலத்திலோ மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. இருப்பு தீர்ந்தபின், கணக்கில் வரும் வருமானம் அதற்கென்று உள்ள விலக்கு வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் தனி ஆளுக்கு 50 சென்ட் குறையும். குறைந்தாலும் பாதி கையில் நிற்கிறது.

உடல்நிலை காரணமாகக் கொடுக்கப்படும் ஓய்வூதியம் முற்றிலும் வேறு. வேலை செய்ய முடியாது என்பதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அதனால் வேலை செய்வதே கேள்விக்குரியதாகிவிடும். அமெரிக்காவில் இவர்களுக்கு ஒன்பது மாதச் சோதனைக் காலம் தருகிறார்கள். அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை நிற்காது, ஆனால் தெரிவித்தே ஆக வேண்டும். எந்த நாடானாலும் இந்த வகையில் ஒருநாள் வேலைக்குக்கூட முன்கூட்டிக் கேட்காமல் போகாதீர்கள்.

அடுத்தது, யாரிடம் வேலை பார்க்கிறோம் என்பது. பழைய முதலாளியிடமே திரும்பப் போவதில்தான் சிக்கல் அதிகம். இந்தியாவில் அரசு ஓய்வூதியர் அரசிலேயே மறுநியமனம் பெற்றால், சம்பளத்தை நிர்ணயிக்கும்போது பொதுவாக ஓய்வூதியத்தைக் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் அகவிலை நிவாரணமும், அதாவது விலைவாசி உயர்வுக்காக ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரும் தொகையும், பொதுவாக நிற்கும். அதிகாரி நிலைக்குக் கீழ் ஓய்வு பெற்ற முன்னாள் படைவீரர்கள் போன்றவர்களுக்கு விலக்குகள் உண்டு.

நான் பார்த்த வசூல் கடிதங்களில் நிறைய இதில் வந்தவைதான். ஒருவர் மறுநியமனத்தில் சேர்ந்தார். நவம்பரில் ஆயுள் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கும் படிவத்தில், "வேறு அரசுப் பணியில் இல்லை" என்ற வரிக்கு வழக்கம்போல டிக் போட்டுக் கொடுத்துவிட்டார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. வருடாவருடம் போட்ட டிக்கையே அந்த வருடமும் போட்டார். அகவிலை நிவாரணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. பிறகு தணிக்கையில் கண்டுபிடித்து, மொத்தத்தையும் தவணை தவணையாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். வேலை முடிந்த பிறகும் பிடித்தம் ஓடியது. சேர்ந்த அன்றைக்கே நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை.

அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்று இதே கேள்வியைக் கேட்பவர்களும் உண்டு. இந்திய மத்திய அரசு விதிப்படி கணவன் அல்லது மனைவி வாங்கும் குடும்ப ஓய்வூதியத்தை அவர்களுடைய சம்பாத்தியம் பாதிக்காது, மறுமணம் செய்தவர்களுக்கு மட்டும் தனி விதி. பிள்ளைகளோ பெற்றோரோ வாங்கினால் வருமான வரம்பு உண்டு.

வரியை ஓய்வூதிய இழப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பென்ஷன் அப்படியே வரும், ஆனால் பென்ஷனும் சம்பளமும் சேரும்போது வரி வரம்பைத் தாண்டலாம். இரண்டு இடத்திலும் தனித்தனியாக, மற்ற வருமானமே இல்லை என்பதுபோல் வரி பிடிப்பார்கள். ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் பாக்கி தெரியும். வேலை கொடுப்பவரிடம் பென்ஷன் விவரத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் சரியாகப் பிடிப்பார்கள். இந்தியாவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 60 வயதைத் தாண்டியவருக்கு வியாபார, தொழில் வருமானம் இல்லையென்றால் முன்கூட்டி வரி கட்டும் கடமை இல்லை. சம்பளமாக வாங்கினால் இந்தச் சலுகை நீடிக்கும். அதே வேலைக்கு ஆலோசனைக் கட்டணம் என்று வாங்கினால் அது தொழில் வருமானமாகி, சலுகை போய்விடும். கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். ஆகவே நியமனக் கடிதத்தில் "சம்பளம்" என்று போட்டிருக்கிறதா, "கட்டணம்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அப்பா செய்ய வேண்டியது. பென்ஷன் ஆணையை எடுத்து, எந்தத் திட்டம், எந்த விதியின்கீழ் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பிறகு பென்ஷன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். அதில் பென்ஷன் எண், வேலை கொடுப்பவர் யார், அரசா தனியாரா, எந்தத் தேதியிலிருந்து, மாதம் அல்லது ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கடைசியில் "இதனால் என் ஓய்வூதியத்திலோ, அகவிலை நிவாரணத்திலோ, மருத்துவ வசதியிலோ மாற்றம் உண்டா, உண்டென்றால் எந்த விதியின்கீழ்" என்று கேளுங்கள். "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால் "போகலாம்" என்று பதில் வரும், பிடித்தத்தைப் பற்றி ஒன்றும் இருக்காது. கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். சொன்னவர் மாறுதலாகிப் போய்விடுவார். எழுத்தில் பதில் வாங்கிப் பென்ஷன் ஆணையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டாலும், நாட்களைக் குறைத்துக்கொண்டாலும் அதையும் உடனே தெரிவிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு அலுவலகம் பிடித்துக்கொண்டே இருக்கும். வேலை நின்ற தேதியைக் கொடுத்தால்தான் நிறுத்திய தொகை மறுபடி வர ஆரம்பிக்கும்.