உயிலில் தர்மத்துக்கு ஒரு பங்கு: தொகையாக எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 68. இரண்டு பிள்ளைகள். பார்வையற்ற குழந்தைகளுக்கான ஒரு பள்ளிக்கு என் காலத்துக்குப் பிறகு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உயிலில் ஒரு தொகையைக் குறிப்பிட்டால் போதுமா?

பதில்: தொகையாக எழுதாதீர்கள், பங்காக எழுதுங்கள். இன்று பெரிதாகத் தெரியும் தொகை, இருபது ஆண்டுகள் கழித்து உயிலைப் பிரிக்கும்போது விலைவாசியில் தேய்ந்து போயிருக்கும். இதற்கு நேர்மாறான ஆபத்துதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கடைசிக்கால மருத்துவச் செலவில் சேமிப்பு கரைந்துவிட்டால், பள்ளிக்கு எழுதிய தொகையை முதலில் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் பிள்ளைகள் பகிர வேண்டியிருக்கும். மிச்சமே இல்லாமலும் போகலாம். ‘கடன்களும் செலவுகளும் போக எஞ்சும் சொத்தில் நூற்றுக்குப் பத்து பங்கு’ என்று எழுதிவிட்டால், சொத்து பெருகினாலும் சுருங்கினாலும் யாருக்கும் அநீதி நேராது. குறிப்பிட்ட வீட்டையோ நிலத்தையோ எழுதுவதும் வேண்டாம். இடையில் அதை நீங்களே விற்றுவிட்டால், பொதுவாக அந்தக் கொடையும் அதோடு போய்விடும்.

ஆனால் எவ்வளவு கொடுக்கலாம் என்பது எல்லா இடத்திலும் நம் விருப்பம் மட்டுமன்று. இரண்டு பிள்ளைகள் உள்ளவர் பிரெஞ்சுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கைத்தான் விரும்பியவருக்கு எழுதலாம். இஸ்லாமியச் சட்டமும் வாரிசுகள் சம்மதித்தாலன்றி மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாது. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்று வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.

பள்ளியின் பெயரை ஊரார் அழைக்கும் விதத்தில் எழுதாமல், பதிவான முழுப் பெயர், முகவரி, பதிவு எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் இருந்தால் வழக்கு நிச்சயம். உங்களுக்கு முன்பே அந்தப் பள்ளி மூடப்பட்டால் கொடை யாருக்கு என்பதற்கும் ஒரு வரி வேண்டும். 1829இல் இறந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் ஸ்மித்சன், சொத்தைத் தன் சகோதரர் மகனுக்கு எழுதினார். அவர் வாரிசின்றி இறந்தால், அறிவை வளர்க்கும் நிறுவனம் ஒன்றை வாஷிங்டனில் அமைக்க அமெரிக்காவுக்குப் போகட்டும் என்றும் சேர்த்திருந்தார். 1835இல் அப்படியே நேர்ந்தது. இன்றைய ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது.

‘கணினி வாங்க மட்டும்’ என்பதுபோல் நோக்கத்தை இறுக்கிக் கட்ட வேண்டாம். பள்ளியின் பொதுத் தேவைகளுக்கு என்று எழுதி, உங்கள் விருப்பத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். எழுதும் முன் பள்ளி நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை பேசுவதும் நல்லது. ஆல்ஃபிரட் நோபல் பரிசுகளைத் தேர்வு செய்யும் பொறுப்பை, கேட்காமலே சில அமைப்புகளிடம் 1895இல் எழுதிவைத்துவிட்டார். உறவினர் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, முதல் பரிசு வழங்க 1901 ஆயிற்று.

பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். உயில் வாசிக்கும் நாளில் முதன்முறையாகக் கேட்கும் செய்தி, சிறு பங்கானாலும் மனத்தைக் காயப்படுத்தும். காரணத்தை உங்கள் வாயால் கேட்டவர்கள் வழக்குக்குப் போவது அரிது.

சாட்சிக் கையெழுத்தைப் பிள்ளைகளோ அவர்களின் துணைவர்களோ பள்ளியைச் சேர்ந்தவர்களோ போடக் கூடாது. பயன்பெறுபவரே சாட்சியானால், பல நாடுகளில் அவருக்கு எழுதியது செல்லாது. ஏற்கெனவே உயில் எழுதியிருந்தால் அதில் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். சாட்சிகளோடு ஓர் இணைப்பு உயில் எழுதுங்கள். மாற்றங்கள் பல என்றால், பழையதை ரத்து செய்வதாகக் குறிப்பிட்டுப் புதிதாகவே எழுதிவிடுங்கள்.