பழைய பேஸ்பால் அட்டைகள் கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வது?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவருக்கு, வீட்டைக் காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டு முதியவர் ஒரு பெட்டி நிறைய, வீரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரும்பாலானவை டாப்ஸ் என்ற நிறுவனம் 1950களில் வெளியிட்ட அட்டைகள். அடியில் ஓர் உறைக்குள் அவற்றைவிடச் சிறியவை சில. இவை அசல்தானா, அட்டையைச் சோதித்து அதன் நிலையை மதிப்பிட்டுத் தரும் தரச்சான்றுக்கு அனுப்பலாமா, எப்படிப் பாதுகாப்பது, பெயர்கூடக் கேள்விப்படாத இந்த வீரர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது என்று அவர் கேட்கிறார்.

கட்டுகளில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். பழைய அட்டைகளின் ஓரங்களில் காணப்படும் வெட்டுத் தடங்களுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அழுக்கை அழிப்பானால் தேய்ப்பதோ, ஈரத் துணியால் துடைப்பதோ, தேய்ந்த ஓரத்தைக் கத்தரித்து நேராக்குவதோ வேண்டவே வேண்டாம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தரப்பட்ட டி206 என்ற வரிசையில், ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டைகளிலேயே மிகவும் பேர்போன ஒன்றின் ஓரங்களைத் தாம் கத்தரித்ததாக, அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். அந்த அட்டைக்கு உயர்ந்த தரச்சான்று ஏற்கெனவே கிடைத்திருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக உங்கள் சோதனையைக் கைவிட முடியாது.

சோதனையை அளவுகோலிலிருந்து தொடங்குங்கள். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் அட்டைகள் 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டவை. 1957இல்தான் இன்றும் வழக்கத்தில் உள்ள 2½ × 3½ அங்குல அளவு வந்தது. ஆகவே 1952ஆம் ஆண்டு வடிவமைப்பில் உள்ள ஓர் அட்டை இந்தச் சிறிய அளவில் இருந்தால், அது டாப்ஸ் நிறுவனமே 1983இல் வெளியிட்ட மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறைக்குள் உள்ள சிறிய அட்டைகள் ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலமே இருந்து, பின்புறம் பீட்மான்ட், ஸ்வீட் கேப்பரல் போன்ற சிகரெட் விளம்பரங்களைக் கொண்டிருந்தால், அவை டி206 வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

அடுத்து, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை எடுத்து, வீரரின் பெயர் எழுத்துகளையும் கறுப்புக் கோடுகளையும் பாருங்கள். அசலில் அவற்றின் மை இடைவெளியின்றி முழுதாகப் பதிந்திருக்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட நகலில் அந்த எழுத்துகளே சிறுசிறு வண்ணப் புள்ளிகளாக உடைந்து தெரியும். சிகரெட் கால அட்டைகளை இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழும் பார்க்கலாம். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருள்கள் அப்போது புழக்கத்தில் இல்லாததால், பளிச்சென்று நீலமாக ஒளிரும் தாள் அந்தக் காலத்தது அல்ல.

தரச்சான்றைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது: எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். 1952 டாப்ஸின் 311ஆம் எண் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு விற்ற செய்தி பலரையும் மயக்குகிறது. ஆனால் மூலை மழுங்கிய சாதாரண வீரரின் அட்டைக்குச் சான்றுக் கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும். 1954இன் 128ஆம் எண் ஹாங்க் ஆரன், 1955இன் 123ஆம் எண் சாண்டி கோஃபாக்ஸ், அதே ஆண்டின் 164ஆம் எண் ராபர்ட்டோ கிளமென்டே ஆகிய அறிமுக ஆண்டு அட்டைகள் இருந்தால் அவற்றை மட்டும் அனுப்புங்கள். மற்றவற்றை பிவிசி கலக்காத பாலிப்ரோப்பிலீன் உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வைத்தால் போதும். பேஸ்மென்ட்டும் பரணும் வேண்டாம்.

வீரர்களை அறிவது பற்றிய கேள்வியை நீங்கள் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்; நான் அதையே முதன்மையாகக் கருதுகிறேன். டாப்ஸ் அட்டையைத் திருப்பினால் வீரரின் ஆட்டக் கணக்கும் சிறு குறிப்பும் இருக்கும். டி206 அட்டையில் விளம்பரம் மட்டுமே இருப்பதால் நாம்தான் தேட வேண்டும். அந்த வரிசையில் வரும் ஆடி ஜாஸ் என்ற கிளீவ்லாந்து அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்), 1908 அக்டோபர் 2 அன்று சிகாகோ அணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தவர். 1911 ஏப்ரலில், 31 வயதில், மூளை உறைக் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட அதே ஜூலையில் பிற அணிகளின் முன்னணி வீரர்கள் ஒன்றுகூடி கிளீவ்லாந்து அணியுடன் ஆடினார்கள். பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி, 1978இல் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். இதை அறிந்தபின் அந்தச் சிறு அட்டையை யாரும் விலைப்பட்டியலின் ஒரு வரியாக மட்டும் பார்க்க மாட்டார்கள்.

கிளமென்டேயின் அட்டைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவர் பெயரை ஆங்கிலச் சுருக்கமாகப் 'பாப்' என்றே அச்சிட்டது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அவர் ராபர்ட்டோ என்றே அழைக்கப்பட விரும்பியவர். 1972ஆம் ஆண்டின் கடைசி நாளில், நிலநடுக்கத்தால் நொறுங்கிய நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து அவர் இறந்தார். அவர் அடித்த ஹிட்கள் (பந்தை அடித்துத் தளத்தை எட்டிய முறைகள்) சரியாக 3,000. அவரது மறைவுக்குப் பின் வெளிவந்த 1973 அட்டையில் ராபர்ட்டோ என்ற பெயரே இருக்கிறது.

பெயர் தெரியாத வீரர்களுக்கு, அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கமான சாபர் இணையத்தில் இலவசமாகத் தரும் வாழ்க்கைக் குறிப்புகளைப் படியுங்கள். அட்டை தந்த முதியவரையும் தொலைபேசியில் அழைத்து, இவர்களில் யாரை நேரில் ஆடக் கண்டார், எந்த மைதானத்தில், யாருடன் போனார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அட்டையின் மேலோ உறையின் மேலோ எழுதாமல், ஆண்டையும் அட்டை எண்ணையும் தலைப்பாக இட்டுத் தனி நோட்டில் எழுதி, பெட்டியுடனேயே வையுங்கள்.