பூச்சாடியும் கிணற்றுத் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவில் வாசகி): சாடியில் வைத்த ரோசாக் கன்றுகளில் புது இலைகள் எல்லாம் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. யூடியூப்பில் சொன்னபடி முட்டைக்கோது இடித்துப் போட்டேன், அடுப்புச் சாம்பல் தூவினேன், யூரியாவும் கொடுத்தேன். வரவர மோசம்தான். என்ன செய்யலாம் அக்கா?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள் தங்கச்சி. வெள்ளைப் பொருக்குப் பிடித்திருக்கும். சாடியின் விளிம்பிலும் அதே பொருக்கைக் காண்பீர்கள். யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லில் ஊறி வருகிற தண்ணீரைத்தான் தினமும் அள்ளி ஊற்றுகிறோம். நிலத்தில் நிற்கிற கன்று வேரை அகல விட்டுச் சமாளித்துக்கொள்ளும். சாடிக்குள் இருக்கிற பிடி மண்ணில் நாளுக்கு நாள் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். ரோசாவுக்குப் பிடித்தது கொஞ்சம் புளிப்பான மண், காரஅமில அளவு (pH) 6 முதல் 6.5 வரை. அது 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நீங்கள் எழுதியிருக்கிற மஞ்சளும் பச்சை நரம்பும் இரும்புக் குறையின் அடையாளம்தான். அது பழைய இலையில் தொடங்காது, கொழுந்தில்தான் முதலில் தெரியும்.

முட்டைக்கோது என்பதும் சுண்ணாம்புதானே! சாம்பல் இன்னும் வேகமாக மண்ணைக் காரமாக்கும். புளிப்பு மண் உள்ள ஊர்க்காரர் சொல்கிற வைத்தியத்தை யாழ்ப்பாணத்துச் சாடியில் செய்தால் இப்படித்தான் முடியும். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். யூரியாவும் இப்போதைக்கு வேண்டாம்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்புச் சல்பேற்று உப்பு. ஒரு லீற்றர் மழைத்தண்ணீரில் 2 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. சாடியைச் சீமெந்துத் தரையில் வைத்துக்கொண்டு தெளிக்க வேண்டாம், துருக்கறை பிடித்தால் லேசில் போகாது, அப்புறம் வீட்டில் பேச்சு வாங்குவது நீங்கள்தான். மண்ணுக்குப் போடுகிற இரும்புப் பசளை வாங்குவதானால் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். ஈடிடிஏ (EDTA) என்று இருந்தால் எங்கள் மண்ணில் அவ்வளவாக எடுபடாது. ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

தேசிக்காய் பிழிந்து ஊற்றலாமா என்று இன்னும் சில பேரும் கேட்டிருக்கிறார்கள். ஊற்றலாம், கெடுதல் இல்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்று தீர்த்ததும் மண் பழையபடிதான்.

நிலையான வழி மழைத்தண்ணீர். பத்துச் சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 லீற்றர், அதாவது ஒரு பெரிய பீப்பா நிறையும். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு அப்படி மழை வராத கிழமை குறைவு. பீப்பாவின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்குக் காலமும் அதேதான். பிறகு கோடையில் தினம் கிணற்றுத் தண்ணீர் விட்டாலும், கிழமைக்கு ஒரு தரம் சாடியின் அடித்துளையால் வழிந்தோடும்வரை மழைத்தண்ணீரை விடுங்கள். சேர்ந்த சுண்ணாம்பில் ஒரு பங்காவது கழுவிக்கொண்டு போகும்.

கேள்வி (நல்லூர் வாசகர்): மொட்டை மாடியில் சீமெந்துச் சாடிகள் வைத்திருக்கிறேன். நுவரெலியாக் கன்றுகள் வாங்கி வைத்தால் வைகாசிக்குள் நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்துவிடுகின்றன. தண்ணீர் குறைவில்லை.

பதில்: ஐயா, அந்தக் கன்று கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே குளிரில் வளர்ந்தது. அதைக் கொண்டுவந்து மாடித் தளத்தில் வைத்தால் மேலே வெயில், கீழே கொதிக்கிற கொங்கிரீட், பக்கத்தில் சோளகக் காற்று. பின்னேரம் மூன்று மணிக்குச் சாடியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூட்டில் வேர் மட்டும் எப்படிப் பொறுக்கும்? வேர் வெந்தால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கன்றுக்கு ஏறாது.

சாடிக்கு வெள்ளை அடியுங்கள். இரண்டு செங்கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். காலை வெயில் ஆறு மணித்தியாலம் கிடைத்தால் போதும், மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம் ஒரு கிடுகு மறைப்புப் போடுங்கள். மண்ணின் மேல் காய்ந்த வாழைச் சருகு மூடாக்கு. கறுத்த நுனியை, உள்ளே வெள்ளையும் பச்சையுமாகத் தெரிகிற இடம்வரை இறக்கி வெட்டிவிடுங்கள்.

சீமெந்துச் சாடி புதிதாக இருந்தால் அதுவும் சுண்ணாம்பு கக்கும். தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி இரண்டு மூன்று கிழமை ஊறவிட்ட பிறகே மண் போடுங்கள். என்னைக் கேட்டால் 14 அங்குல மண்சாடிதான் நல்லது. செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் உப்பு இருக்கும்.

கேள்வி (சுன்னாகம் வாசகி): என் சிவப்பு ரோசாவில் ஒரு கிளை மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. பூவே இல்லை. கவாத்து எப்போது செய்யலாம்?

பதில்: அந்தக் கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே என்றால் அது காட்டு ரோசா, உங்கள் சிவப்பு ரோசாவின் சாப்பாட்டை அதுதான் சாப்பிடுகிறது. கத்தரியால் வெட்டினால் திரும்ப முளைக்கும், அடியோடு பிய்த்து எடுங்கள். கவாத்தை மாரி மழை ஓய்ந்ததும், தைப்பொங்கலை ஒட்டிச் செய்யுங்கள். ஆறேழு கிழமையில் பூ வரும்.

கேள்வி (வேலணை வாசகர்): எங்கள் கிணறு உவர். ரோசா வைக்கலாமா?

பதில்: மழைத்தண்ணீர் தொட்டி இருந்தால் ஒன்றிரண்டு சாடி வைக்கலாம் தம்பி. இல்லையென்றால் வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரை ரோசாவுக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகன்வில்லாவும் அலரியும் உங்கள் காற்றுக்கும் உவருக்கும் நன்றாக நிற்கும். அலரி நஞ்சு, ஆடு கட்டுகிற பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி (கொக்குவில் வாசகி): சுவாமிப் படத்துக்குத் தினம் பூப் பறிக்கிறோம். வரவரப் பூ சிறுத்துப்போகிறது.

பதில்: பூவை மட்டும் கிள்ளி எடுக்கிறீர்கள் போலிருக்கிறது. கத்தரிக்கோல் எடுத்து, பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே, காம்போடு சாய்வாக வெட்டுங்கள். அந்த இலைக் கணு வெளிப்பக்கம் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்த கிளை அங்கிருந்து தடிப்பாக வரும். மாதம் ஒரு தரம் ஒரு பிடி ஆட்டெருவும் போடுங்கள், தண்டில் முட்டாமல்.