பிரேக் போட்டால் தள்ளுவது யார்? நிலைமம் பற்றி சில கேள்விகள்

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணாச்சி, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நம்மை முன்னால் தள்ளுவது எந்த விசை?

எந்த விசையும் தள்ளவில்லை தம்பி. பஸ் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நீங்களும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பிரேக் பிடித்தது சக்கரத்தை, உங்களை அல்ல. செருப்புக்கும் பஸ்ஸின் தரைக்கும் உள்ள உராய்வு பாதத்தை நிறுத்துகிறது; மேல் உடம்பு பழைய வேகத்திலேயே போகிறது, அதனால் சாய்கிறீர்கள். இருக்கும் நிலையை விடாத இந்தக் குணத்துக்குத்தான் நிலைமம் என்று பெயர். கம்பியைப் பிடித்திருந்தால் அது உங்களைப் பின்னால் இழுத்து நிறுத்தும். ஆக, விசை என்று ஒன்றைத் தேடினால் அது பின்னோக்கித்தான் இருக்கும்.

கருங்கலிலிருந்து: அப்படியானால் காருக்குள் மிதந்த கேஸ் பலூன், பிரேக் போட்டதும் பின்னால் போனதே?

அருமையான கேள்வி. காற்றுக்கும் நிறை உண்டு. பிரேக் போட்டதும் காருக்குள் இருக்கும் காற்று முன்பக்கம் நெருங்குகிறது. அதைவிட லேசான ஹீலியம் பின்னால் ஒதுக்கப்படுகிறது. ஜன்னல் சாத்தியிருந்தால்தான் இது தெளிவாகத் தெரியும்.

தக்கலையிலிருந்து: மகள் பத்தாம் வகுப்பு. ஓய்வு, இயக்கம், திசை என்று மூன்று நிலைமம் படிக்கிறாள். மூன்றும் வேறு வேறா?

பரீட்சையில் மூன்று என்றே எழுதட்டும், மார்க் முக்கியம். விஷயம் ஒன்றுதான்: வெளியிலிருந்து விசை இல்லாமல் திசைவேகம் (வேகமும் திசையும் சேர்ந்தது) மாறாது. ஓய்வு என்றால் திசைவேகம் பூஜ்யம். திசை திரும்பினாலும் திசைவேகம் மாறியதாகவே கணக்கு. 1687-இல் நியூட்டன் முதல் விதியாக எழுதியது இதைத்தான்.

நாகர்கோவிலிலிருந்து: காலையில் எழுந்து நடக்க மனம் வரவில்லை. சோம்பலும் நிலைமம்தானே?

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோம்பலுக்குப் படுத்திருப்பது மட்டும்தான் பிடிக்கும். நிலைமத்துக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. ஓடுவதை ஓடவிடும், நிற்பதை நிற்கவிடும். இரும்பு பீரோ அசையாததையும் நிலைமத்தின் தலையில் கட்டுகிறார்கள். அது உராய்வு. உராய்வே இல்லாவிட்டால் ஒற்றை விரலால் லாரியையும் நகர்த்தலாம், ரொம்ப மெதுவாக.

குளச்சலிலிருந்து: எஞ்சினை நிறுத்தியும் படகு கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கிறது. நிலைமம் தீர்ந்துவிடுகிறதா?

தீராது. நிலைமத்தின் அளவு நிறைதான். படகு ஓடினாலும் நின்றாலும் அதில் மாற்றமில்லை. தீர்வது வேகம், அதைத் தின்பது தண்ணீர். மீன் நிறைய ஏற்றிவரும் நாளில் கரைக்கு எட்டத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆரல்வாய்மொழியிலிருந்து: முப்பந்தலில் காற்று ஓய்ந்தாலும் காற்றாலை சட்டென்று நிற்பதில்லை. அதனால் ஏதாவது லாபம் உண்டா?

அந்தச் சுற்றலில் மின்சாரம் பெரிதாக வராது. ஆனால் லாபம் வேறொரு இடத்தில் இருக்கிறது. சுழலும் பொருளில் நிறை மட்டுமல்ல, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழலும் பொருளின் நிலைமம், நான்கு மடங்காகும். மின்நிலையங்களை எல்லாம் இணைக்கும் கம்பி வலையான நம் மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில், ஓடுகிறது. எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் திடீரென்று நின்றுபோனால், கூடங்குளம் போன்ற இடங்களில் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த டர்பைன்களும் ஜெனரேட்டர்களும்தான் முதல் சில நொடிகள் தங்கள் சுழற்சி ஆற்றலைக் கொடுத்து, அதிர்வெண் சடாரென்று விழாமல் தாங்குகின்றன. மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்ட அந்த நேரம் போதும். பழைய சிறிய காற்றாலைகளில் ஜெனரேட்டர் நேரடியாகத் தொகுப்போடு இணைந்திருக்கும், அதனால் அவையும் கொஞ்சம் கைகொடுக்கும். புதிய பெரிய காற்றாலைகள் பலவற்றில் நடுவில் மின்னணுக் கருவி இருக்கிறது. இறக்கை எவ்வளவு நீளமானாலும் அதன் நிலைமம் தானாகத் தொகுப்பை எட்டாது, கட்டுப்பாட்டு முறையில் அதற்கென்று ஏற்பாடு செய்ய வேண்டும். சோலார் தகட்டில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. அங்கே இந்த வேலையை பேட்டரிதான் பார்க்க வேண்டும்.