சாங்கியிலிருந்து நியூயார்க்: ஸ்கேலில் அடங்காத தூரம்

தம்பி, சென்னையிலிருக்கும் அம்மாவைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து, இங்குள்ள சாங்கி விமான நிலையத்திலிருந்து நேரடி விமானத்தில் நியூயார்க்கிலுள்ள அக்காவிடம் அழைத்துப்போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பசிபிக் வழியாக அளந்தால் 18,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, இணையத்திலோ 15,349 என்றிருக்கிறது, எது சரி என்று கேட்கிறீர்கள்.

இணையத்தில் இருப்பதுதான் சரி. உலக உருண்டை ஒன்று கிடைத்தால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் பசிபிக் நடுவே போகாது, வட துருவத்தை ஒட்டிப் போகும். தீர்க்கரேகைக் கணக்கில் நாம் கிழக்கே 104 பாகை (டிகிரி), அவர்கள் மேற்கே 74. கூட்டினால் 178. 180 என்றால் நேர் மறுபக்கம், ஆக இது ஏறக்குறைய பூமியின் மறுபக்கம். ஆகவே துருவம் வழியாகவே கணக்குப் போடலாம். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 49.4, ஆக 138. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 15,335 வரும். மிச்சமுள்ள சில கிலோமீட்டர், பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் வருவது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களுக்கு உங்கள் ஸ்கேலே போதும். இங்கிருந்து சென்னை 2,900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருச்சிதான் பக்கம் என்று நம்மவர்கள் பலர் அடித்துச் சொல்வார்கள். உண்மையில் அது ஐம்பது கிலோமீட்டர் போல அதிகம்.

ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. பின்னாலிருந்து தள்ளும் காற்றைத் தேடிச் சுற்றிப் போவது விமானிக்கு லாபம். 2022-க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்பரப்பையும் தவிர்க்கின்றன. அதனால் உண்மையில் பறக்கும் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம். இருக்கைத் திரையில் ஓடும் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இனி அம்மா விஷயம். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர்தான். துபாயில் மாறிப் போனாலும் 14,000-க்குள் முடிந்துவிடும். சிங்கப்பூர் வழியாக என்றால் 18,000-க்கு மேல். வயதானவரை எதிர்த்திசையில் நான்கு மணி நேரம் கூட்டி வந்து, பிறகு பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வைப்பது. அந்த நேரடி விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது. பிரீமியம் எகானமியும் பிசினஸும் மட்டும்தான். டிக்கெட் விலை பையைக் கடிக்கும். இந்தியக் கடப்பிதழ் என்றால் சிங்கப்பூருக்குள் வரப் பொதுவாக விசாவும் எடுக்க வேண்டும்.

உங்களோடு ஒரு மாதமாவது தங்கப்போகிறார் என்றால் அழைத்து வாருங்கள், அதற்கு ஈடு இல்லை. அக்காவைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சென்னையிலிருந்தே அனுப்புங்கள். வழியில் துபாய் போன்ற ஊரில் மாறுவதானால், இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நியூயார்க்கில்தான் கைக்கு வரும், நடுவில் அவர் அலைய வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டும் என்பதையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.