அப்ரிசிட்டி: குளிர்கால வெயிலுக்கு ஒரு சொல் (கேள்வி பதில்)

போன வாரம் பேச்சுவாக்கில் 'அப்ரிசிட்டி' என்று ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை உதிர்த்துவிட்டேன். குளிர்கால வெயில் தரும் சூட்டுக்குப் பெயர் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். அது போதவில்லை என்று கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை: இதை எப்படி உச்சரிப்பது? வெறும் 'வெயில்' என்று சொன்னால் போதாதா?

'பப்ளிசிட்டி' என்பதை எப்படிச் சொல்வீர்களோ அதே தாளத்தில் சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

வெயில் என்றால் போதாது. காற்று சில்லென்று இருக்க வேண்டும், அதற்கு நடுவே முகத்திலோ முதுகிலோ இதமாகச் சூடு படவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அப்ரிசிட்டி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு பிப்ரவரி காலையில் பேருந்துக்கு நின்றிருந்தேன். நிழற்குடைக்குள் ஒருவர்கூட இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்த, இரண்டடி அகலம்கூட இல்லாத வெயில் பட்டையில் பதினோரு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வெயில் நகர நகர வரிசையும் நகர்ந்தது. நிழற்குடை என்ற நம் சொல் அந்த ஊருக்கு எவ்வளவு பொருந்தாதது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மதுரை, கல்லூரி மாணவர்: முதலில் எழுதியது யார்?

ஹென்றி காக்கரம் என்ற அகராதிக்காரர். 1623-இல் அவர் வெளியிட்ட அகராதியில் 'குளிர்காலத்தில் சூரியனின் வெதுவெதுப்பு' என்று ஒற்றை வரியில் பொருள் தந்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரட்டி முதல் பெருந்தொகுதியாக அச்சிட்டதும் அதே ஆண்டுதான்.

அகராதி என்றதும் இன்றைய தலையணை சைஸ் புத்தகத்தை நினைக்காதீர்கள். அது கையடக்கமான, 'கடினச் சொற்களுக்கு' மட்டுமான புத்தகம். சீமாட்டிகள், இளம் மாணவர்கள், குமாஸ்தாக்கள், வணிகர்கள், வெளிநாட்டவர் எல்லாருக்கும் உதவும் என்று முகப்பிலேயே விளம்பரம். இரண்டாம் பகுதிதான் வேடிக்கை. சாதாரணச் சொல்லைக் கொடுத்தால் அதற்கு ஈடான பகட்டுச் சொல்லைத் தரும். இளவட்டங்களின் வெட்டிப்பேச்சுக்கு அவர் கொடுத்த மாற்று, 'ஜுவனைல் இனானிலோக்வன்ஸ்'. நாலு பேர் நடுவில் படித்தவராகத் தெரிய ஆசைப்பட்டவர்களுக்கான கையேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்: அந்தக் காலத்து ஜனங்கள் நிஜமாகவே இதைப் பேசினார்களா? இணையத்தில் 'நம் முன்னோர் பேசிய அழகான சொல்' என்று பகிர்கிறார்களே?

இல்லை. இந்தச் சொல்லைச் சுற்றி உலவும் பெரிய தவறு இதுதான். பெரிய ஆங்கில அகராதிகள் இதை வழக்கொழிந்த சொல் என்கின்றன. என்னைக் கேட்டால், ஒழிவதற்கு முதலில் வழக்கில் இருந்திருக்க வேண்டுமே! லத்தீனிலிருந்து எடுத்து, ஆங்கில வால் ஒட்டி, அகராதியில் உட்கார வைத்த சொல் இது.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இது பெரிய மோகமாக இருந்தது. இப்படி வந்த சொற்களை எதிர்த்தவர்கள் 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று கிண்டல் செய்தார்கள். தாமஸ் வில்சன் 1553-இல் தன் அணியிலக்கண நூலில் இந்த மோகத்தைப் பரிகாசம் செய்து ஒரு போலிக் கடிதமே எழுதிச் சேர்த்தார். அதில் கேலிக்காக அவர் திணித்த சொற்களில் 'ரெவல்யூட்டிங்', 'இன்ஜென்ட்' போன்றவை செத்துப்போயின. ஆனால் 'செலிபிரேட்', 'கெபாசிட்டி', 'டெக்ஸ்டெரிட்டி' மூன்றும் இன்றைக்கும் அலுவலக மின்னஞ்சலில் புழங்குகின்றன. எது பிழைக்கும் எது சாகும் என்று வில்சனாலேயே கணிக்க முடியவில்லை, பாருங்கள்.

கொழும்பு, வாசகர்: லத்தீனிலும் இதே பொருள்தானா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இல்லை. லத்தீனில் 'அப்ரிகஸ்' என்றால் வெயில் தாராளமாகப் படுகிற, திறந்த இடம். அதிலிருந்து வந்த 'அப்ரிசிடாஸ்' வெயில் நிறைந்திருக்கும் தன்மை, அவ்வளவுதான். குளிர்காலம் என்ற நிபந்தனையே கிடையாது. ஆங்கிலத்துக்கு வந்த இடத்தில்தான் பொருள் சுருங்கி, 'குளிர்காலத்தில்' என்ற சொல் சேர்ந்துகொண்டது. என் கணிப்பு, இந்தச் சுருக்கம்தான் சொல்லைக் காப்பாற்றியது. வெறும் 'வெயில் தன்மை' என்று இருந்திருந்தால் நானூறு வருடம் கழித்து யார் தோண்டியெடுத்திருப்பார்கள்?

ஆனால் அந்த லத்தீன் குடும்பத்திலும் குளிரின் சாயல் இல்லாமல் இல்லை. 'அப்ரிகாரி' என்றால் வெயில் காய்வது. முதுமை பற்றிய நூலில் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, வயதானவர் வெயில் காயவோ தீக்காயவோ கிராமத்தைவிட நல்ல இடம் எது என்று கேட்கிறார். அங்கே வருவது இந்தக் குடும்பத்துச் சொல்தான். இன்னோர் இடம் உங்களுக்கே தெரியும். 'என்ன வேண்டும், கேள்' என்ற அலெக்சாந்தரிடம் கிரேக்க ஞானி டயோஜனிஸ், 'கொஞ்சம் வெயிலை விட்டு நகரு' என்ற கதை. அதைச் சிசரோ லத்தீனில் சொல்லும்போது, வெயில் காய்ந்துகொண்டிருந்தவருக்கு மறைத்துக்கொண்டு நின்றான் போலும் என்று முடிக்கிறார். அங்கே டயோஜனிஸைக் குறிக்கும் சொல், 'அப்ரிகாந்தி'.

சேலம், பழ வியாபாரி: ஆப்ரிகாட் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பூர்விகம் வேறு. பழத்தின் பெயர் 'முன்கூட்டியே பழுப்பது' என்ற லத்தீன் சொல்லில் புறப்பட்டு, கிரேக்கம் வழியாக அரபிக்குப் போய் 'அல்-பர்கூக்' ஆகி, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் சுற்றி இங்கிலாந்துக்கு வந்தது. ஊர் ஊராகச் சரக்கு கைமாறுகிற மாதிரி. ஆனால் 1617-இல் ஜான் மின்ஷு என்ற அகராதிக்காரர், 'வெயிலில் பழுத்தது' என்று அப்ரிகஸோடு முடிச்சுப் போட்டுவிட்டார். முதலில் 'ப' ஒலி மெலிந்து, 'அப்பா'வில் இல்லாமல் 'அம்பு'வில் வருகிற மாதிரி இருந்தது. பின்னால் அது வல்லின 'ப்' ஆனதற்கு இந்தத் தப்பான விளக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

நாகர்கோவில், வாசகி: அப்படியானால் சூட்டுக்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் எது?

'வார்ம்' சொந்தச் சரக்குதான். அதைவிட எனக்குப் பிடித்தது, பழைய ஆங்கிலத்தில் வெதுவெதுப்பையும் காற்றுப்படாத மறைவையும் குறித்த 'ஹ்லேவ்' குடும்பம். கப்பல்காரர்கள் காற்று அடிக்காத பக்கத்தை 'லீ' என்பது அதன் வாரிசு. வெதுவெதுப்பான என்று பொருள்படும் 'லூக்வார்ம்' என்பதில் இருக்கும் 'லூக்'கும் அந்த உறவுதான். சுவிசேஷம் எழுதிய லூக்காவுக்கும் அதற்கும் தொடர்பில்லை! லூக்வார்ம் பிறகு ஆர்வமில்லாதவனைக் குறிக்கப் போய்விட்டது. லவோதிக்கேயா சபையைக் கண்டிக்கும் வசனத்தில் ஆங்கில வேதாகமம் அதைத்தான் வைத்திருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் 'குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாய்' என்று படித்திருப்பீர்கள்.

கோவை, பொறியாளர்: காற்று ஐந்து டிகிரியில் இருக்கும்போது வெயில் எப்படிச் சுடும்?

நீங்களே சொல்லிவிடுவீர்கள், இருந்தாலும் மற்றவர்களுக்காக. சூரியக் கதிர் காற்றைச் சூடாக்கிவிட்டு நம்மிடம் வருவதில்லை. தோலும் உடையும் அதை நேரடியாக உள்வாங்குகின்றன. லண்டனில் டிசம்பர் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தரையில் சாய்வாக விழுவதால் தரை சூடேறாது. ஆனால் நிற்கும் மனிதனின் முகத்திலும் சுவரிலும் கிட்டத்தட்ட நேராக விழும். காற்றடித்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் சுவர் மறைவு தேடுகிறோம். 'லீ' என்ற சொல்லில் சூடும் மறைவும் ஒன்றாக இருந்தது சும்மா இல்லை.

டொரான்டோ, வாசகர்: தமிழில் இதற்கு ஈடு உண்டா?

பெயர்ச்சொல்லாகக் கச்சிதமான ஈடு எனக்குத் தோன்றவில்லை. 'இளவெயில்' காலையைச் சொல்கிறது, பருவத்தைச் சொல்வதில்லை. வினையில் நாம் பணக்காரர்கள்: வெயில் காய்கிறோம், தீக்காய்கிறோம், குளிர் காய்கிறோம். இதில் குளிர் காய்தலின் கதியைப் பாருங்கள். இதமான செயல்தான், ஆனால் அடுத்தவர் வீட்டு நெருப்பில் என்று சேர்த்து, பிறர் துன்பத்தில் லாபம் பார்ப்பதற்கு ஒதுக்கிவிட்டோம். அரசியல் அறிக்கைகளில் அதற்கு இன்னொரு பொருளே மிச்சமில்லை. அப்ரிசிட்டிக்கு 'குளிர்வெயில்' என்று நான் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். படித்த நண்பர், வெயில் குளிர்கிறதா என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

திண்டுக்கல், தேர்வுக்குப் படிப்பவர்: ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?

வேண்டாம் தம்பி. பப்ளிசிட்டியைத் தப்பாக எழுதிவிட்டாய் என்று நினைத்துச் சுழித்துவிடப் போகிறார்கள்.