‘வெறும் கையெழுத்துதான மதினி’: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் படிக்கிறான். முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியில் இருந்தான். வரும் செப்டம்பரிலிருந்து இன்னும் நாலு பையன்களோடு சேர்ந்து வெளியே ஒரு வீடு பிடிக்கிறான். ஆளுக்கு வாரம் 110 பவுண்டு. ‘கேரண்டர்’, அதாவது ஜாமீன்தாரர், வேண்டும் என்கிறார் வீட்டு ஏஜென்ட். நாங்கள் கையெழுத்துப் போட்டால் ஏற்க மாட்டார்களாம், அந்த நாட்டில் குடியிருப்பவர்தான் போட வேண்டுமாம். என் கொழுந்தனார் லண்டன் குரோய்டனில் இருக்கிறார். தம்பியிடம் கேட்க என் வீட்டுக்காரருக்குத் தயக்கம். விஷயம் தெரிந்த தம்பியோ, “வெறும் கையெழுத்துதான மதினி, அனுப்பி விடுங்க” என்கிறார். போடச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: அம்மா, “வெறும் கையெழுத்துதான” என்ற பேச்சை வங்கி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து 31 வருஷம் கேட்டிருக்கிறேன். நோட்டீஸ் போன பிறகு அதே ஆட்கள் வந்து நிற்பார்கள். “கடன் வாங்கினவன் அவன், எனக்கு எதுக்கு சார் நோட்டீஸ்?” என்று கேட்பார்கள். சாட்சிக் கையெழுத்தையும் ஜாமீன் கையெழுத்தையும் ஒன்றாக நினைத்திருப்பார்கள். சாட்சி போட்டவர், ‘இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்’ என்று சொல்கிறார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஜாமீன் போட்டவர், ‘இவர் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன்’ என்கிறார். அந்தக் கடன் அவருடைய கடனாகவும் ஆகிவிடுகிறது.

என் அப்பா உசிலம்பட்டி பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியார். நான் ஏழாவது படிக்கும்போது, கூட வேலை பார்த்தவருக்காக ஒரு சிக்கன நாணயச் சங்கத்தில் ஜாமீன் போட்டார். அந்த நண்பர் மாற்றலாகிப் போனார், தவணை நின்றது. மூன்று வருஷம் அப்பா சம்பளத்தில் மாதம் 40 ரூபாய் பிடித்தார்கள். அம்மா தன் தோட்டை அடகு வைத்துத்தான் அந்த வருஷத் தீபாவளி. பணம் ஒரு வழியாக அடைந்துவிட்டது. ஆனால் அப்பாவும் அந்த வாத்தியாரும் அதற்குப் பிறகு சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டுக்காரர் தம்பியிடம் கேட்கத் தயங்குகிறார் என்று படித்ததும் எனக்கு அப்பா முகம்தான் வந்தது. அவர் தயக்கம் சரியானது. அதற்காகக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன கேட்கிறோம் என்பதை அளந்து கேளுங்கள்.

முதலில் அந்த வீட்டு ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று மகனைக் கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்களா, அல்லது அவரவர் அறைக்குத் தனித்தனி ஒப்பந்தமா? ஒரே ஒப்பந்தம் என்றால் ‘சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அதாவது ஐந்து பேரில் யார் வாடகை கொடுக்காவிட்டாலும் மீதி யாரிடமும் முழுசாகக் கேட்கலாம். உங்கள் மகனுக்கு ஜாமீன் போட்டவர், பெயர்கூடத் தெரியாத நாலு பையன்களுக்கும் சேர்த்துப் பொறுப்பாகிவிடும் அபாயம் அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகன் பங்கு வருஷத்துக்கு 5,720 பவுண்டு. ஒரு பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தால் சுமார் ஆறரை லட்சம். வீடு முழுக்க 28,600 பவுண்டு, கிட்டத்தட்ட 33 லட்சம். கொழுந்தனார் மனதில் முதல் தொகை இருக்கும், காகிதத்தில் இரண்டாவது தொகை இருக்கலாம்.

நீங்கள் போட்டால் ஏன் ஏற்பதில்லை என்பதற்குக் காரணம் எளிது. மேலூரில் இருப்பவர் மேல் அங்கே வழக்குப் போட்டு வசூலிப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. முன்பெல்லாம் வெளிநாட்டு மாணவர்கள் ஆறு மாதம், ஒரு வருஷ வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிட்டு ஜாமீன் இல்லாமல் வீடு பிடித்தார்கள். அங்கே 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் அந்த வழியை அடைத்துவிட்டது. இங்கிலாந்தில் தனியார் வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்பணமாகக் கேட்கக் கூடாது. பல்கலைக்கழக விடுதிகளுக்கு இது பொருந்தாது. வாடகைதாரரைக் காப்பாற்ற வந்த விதிதான், ஆனால் உள்ளூரில் சொந்தம் இல்லாத பிள்ளைகளிடம் ஜாமீன் கேட்டு நெருக்க இது இன்னொரு காரணமாகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அதே சட்டம் இன்னொன்றும் செய்திருக்கிறது. ‘ஒரு வருஷ ஒப்பந்தம்’ என்ற முடிவுத் தேதி இனி கிடையாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறும்வரை குடியிருப்பு தொடர்ந்துகொண்டே போகும். குடியிருப்புக்கு முடிவு இல்லை என்றால் ஜாமீனுக்கும் முடிவு இல்லாமல் போகக்கூடும். அதனால் ஜாமீன் பத்திரத்திலேயே ஒரு தேதி எழுத வேண்டும்.

ஏஜென்டிடம் உங்கள் மகன் கேட்க வேண்டியது இதுதான்: ‘என் சித்தப்பா என் பங்கு வாடகைக்கும் என்னால் வரும் சேதத்துக்கும் மட்டும் ஜாமீன் நிற்பார். அதிகபட்சத் தொகை இவ்வளவு. இந்தத் தேதியோடு முடிகிறது. வாடகை கூடினாலோ, ஆள் மாறினாலோ, அவரை எழுத்தில் கேட்காமல் இது நீளாது.’ இதற்குச் சம்மதிக்கும் ஏஜென்டுகள் உண்டு. கேட்காதவர்களுக்கு அச்சடித்த படிவம் அப்படியே வரும். வாடகை ஒப்பந்தத்தின் நகல் கையில் வராமல் கொழுந்தனார் ஜாமீன் பத்திரத்தைத் தொடவே வேண்டாம். ஜாமீன்தாரரைச் சரிபார்க்க என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள், 2019 ஜூன் முதல் இங்கிலாந்தில் அதற்குத் தடை. காலி செய்யும்போது திரும்பி வரும் அட்வான்ஸும் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மகனுக்கு அது 550 பவுண்டு. அந்தப் பணத்தை வீட்டு உரிமையாளர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். பதிந்த விவரத்தை மகனை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஜாமீன் எழுத்தில் இருந்து, கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும் என்பது அந்த ஊரில் 1677ஆம் வருஷச் சட்டம். ஆனால் மின்னஞ்சலின் அடியில் பெயரைத் தட்டி அனுப்பினாலும் அது கையெழுத்தாகிவிடலாம். ஆகவே கொழுந்தனார் அவசரத்தில் “சரி, நான் பொறுப்பு” என்று ஏஜென்டுக்கு ஒரு வரி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒளிக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. வாடகை நின்று, கோர்ட் அவர் மேல் தீர்ப்புச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் கட்டவில்லை என்றால், அது அவர் கடன் வரலாற்றில் ஆறு வருஷம் நிற்கும். வீட்டுக் கடன் வாங்க நினைப்பவருக்கு அது பெரிய அடி. இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இங்கே மூன்று மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டு, ‘தம்பி, இது உங்களுக்காக எடுத்து வைத்தது’ என்று அண்ணனே போனில் சொல்லட்டும். மகன் மாதாமாதம் வாடகை கட்டிய ரசீதைச் சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பட்டும். ஏஜென்ட் ஒன்றுக்கும் இறங்கி வரவில்லையா? மகன் படிக்கும் இடத்திலேயே ஜாமீன் திட்டம் உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள், சில பல்கலைக்கழகங்கள் அப்படி நடத்துகின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அந்தக் கட்டணம் திரும்ப வராது. அதுவும் இல்லை என்றால் தனித்தனி ஒப்பந்தம் போடும் வேறு வீடு பார்க்கட்டும். 33 லட்சத்துக்கு எல்லையில்லாத ஜாமீனை மட்டும் கொழுந்தனார் தலையில் வைக்காதீர்கள்.

*

கேள்வி: என் மகளும் மூன்று தோழிகளும் மதுரை கே.கே.நகர் பக்கம் வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். வாடகை 16,000, அட்வான்ஸ் 50,000, எல்லாம் நாலு பங்கு. நான் அரசு ஊழியர் என்பதால் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் அக்ரிமென்டில் கையெழுத்து வாங்கினார். ஒரு பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் பங்கையும் என்னிடமே கேட்கிறார். அவள் அப்பா போனை எடுப்பதில்லை.
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: அக்ரிமென்டை எடுத்து, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஜாமீன்தாரர் என்று எழுதுவதே இல்லை, அப்பாவையே வாடகைதாரர் ஆக்கிவிடுகிறார்கள். அப்படி என்றால் 16,000 ரூபாயும் நேரடியாக உங்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் கேட்பதில் தப்புச் சொல்ல முடியாது.

ஜாமீன்தாரர் என்றே எழுதியிருந்தாலும் பெரிதாகத் தப்பிக்க முடியாது. 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறு விதமாக எழுதாதவரை, கடன் பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பதில் வேறு பெண்ணைச் சேர்த்து, உங்களைக் கேட்காமல் ஒப்பந்தத்தையே மாற்றியிருந்தால் 133ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும், மாற்றத்துக்குப் பிறகு வரும் பாக்கிக்கு நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? போன பெண்ணின் பங்கு 12,500 ரூபாய் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸாக இருக்கிறது. மாதம் 4,000 என்றால் மூன்று மாதத்துக்கு வருகிறது. அவள் அப்பாவுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் எழுதுங்கள், கோபம் இல்லாமல். ‘உங்கள் மகள் பங்கு வாடகையை அவள் அட்வான்ஸ் பங்கில் கழித்துக்கொள்ளச் சம்மதமா, மூன்று மாதத்துக்குள் வேறு பெண்ணைச் சேர்க்கிறோம்’ என்று. அவர் மகள் படிப்பை விட்ட துக்கத்தில் இருக்கலாம். போனை எடுக்காதவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. வீட்டுக்காரரிடமும் இதே ஏற்பாட்டைச் சொல்லி எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர் அட்வான்ஸைத் தொடாமல் உங்களிடமே வாடகை கேட்பார்.

புதுப் பெண் வந்ததும் புது அக்ரிமென்ட் போடுங்கள். பிள்ளைகள் வாடகைதாரர்கள், நாலு அப்பாக்களும் ஜாமீன்தாரர்கள். நாலு பேரும் போட்டால், வேறு மாதிரி எழுதாதவரை 146ஆம் பிரிவின்படி பாரம் சமமாகப் பிரியும். நீங்கள் ஒருவர் கட்டிவிட்டாலும் மற்ற மூவரிடம் அவரவர் பங்கைக் கேட்கலாம். நம் மாநிலத்தின் 2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸும், வேறு விதமாகப் பேசி எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களுக்கு அது 48,000.

*

கேள்வி: திருப்பாலையில் என் மாடி வீட்டைக் கல்லூரிப் பையன்களுக்கு விடுகிறேன். பெற்றோரிடம் ஜாமீன் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கேட்பது தவறா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தவறே இல்லை. பையன்களுக்கு வருமானம் கிடையாது, வீடு உங்களுடையது. ஒவ்வொரு அப்பாவிடமும் அவர் பிள்ளையின் பங்குக்கு மட்டும் கேளுங்கள், கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை அன்றைக்கே கொடுங்கள். வங்கியில் நான் வெட்கப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. கடன் நின்று இரண்டு வருஷம் கழித்து, வட்டி ஏறின பிறகு, ஜாமீன்தாரருக்கு முதல் கடிதம் போகும். முதல் மாதமே சொல்லியிருந்தால் அவர் மகனையோ மச்சானையோ உட்கார வைத்துப் பேசியிருப்பார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாடகை ஒன்றாம் தேதி வர வேண்டும் என்றால், வராத மாதம் ஐந்தாம் தேதியே அந்தப் பையனின் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.